கிரீன் பெல்ட்டில் கூவிய செண்பகம்

ஒரகடத்துப் பக்கம் கொசு கடிக்காத இடம் ஒன்று இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் முத்துச்செல்வி சிரித்திருப்பாள். வாடகை அறையில் கொசு, பஸ் நிறுத்தத்தில் கொசு, டீக்கடை பெஞ்சில் கொசு. ஆனால் அந்த மரங்களுக்கு நடுவே, காலடியில் ஈரம் சொதசொதக்க, பொழுது சாயும்வரை நின்றும் அவள் கையில் ஒன்றுகூட உட்காரவில்லை. முதல் நாள் அதை நல்லகாலம் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் குனிந்து தேடினாள். எறும்பு இல்லை. சிலந்தி வலை இல்லை. புரட்டிய சருகுக்குக் கீழே ஒரு மரவட்டைகூட இல்லை.

தேடுவதுதான் அவள் வேலை. விலங்கியல் படித்துவிட்டுத் தாம்பரத்தில் ஒரு சின்ன சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்திருந்தாள். எங்கே என்னென்ன செடி கொடி, எந்தெந்த உயிர் என்று பார்த்து, ஒரு இடத்தை இன்னொரு இடத்தோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலை விரிவாக்கத்துக்கு அனுமதி கேட்டிருந்தது. அதற்காக மூன்று இடங்களைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்: ஏரிக்கரை, பயிர் வைக்காமல் விட்ட வயல், தொழிற்சாலையின் பின்பக்கம் விதிக்காக மரம் வளர்த்திருந்த கிரீன் பெல்ட்.

ஏரிக்கரையில் காலையில் போய் நின்றால் காது நிறைந்துவிடும். நாணலுக்குள் செண்பகப் பறவை அடித்தொண்டையில் கூவும், ஆள்காட்டிகள் யாரையோ திட்டிக்கொண்டே தலைக்கு மேல் சுற்றும், கானாங்கோழி ஒன்று மூச்சுவிடாமல் தகராறு செய்துகொண்டிருக்கும். தரிசு வயல்கூட மோசமில்லை. கோரையும் தும்பையும் மண்டிய இடத்தில் வெட்டுக்கிளி தெறிக்கும், எங்கிருந்தோ கௌதாரி கத்தும். கிரீன் பெல்ட்டில் மட்டும் ஒரே வகை மரம். லாரியில் வந்திறங்கிய கோனோகார்ப்பஸ் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், வெளிச்சத்தை உள்ளே விடாமல் வரிசை வரிசையாக நின்றது. மரங்களுக்குப் பாய்ச்சும் குழாய்களில் கசியும் கழிவுநீரின் நெடி, பினாயிலும் கெட்டுப்போன முட்டையும் கலந்த மாதிரி மூக்கில் ஏறும். சுவருக்கு அந்தப் பக்கம் நாளெல்லாம் பிரஸ் மெஷின் இடிக்கிறது, நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஓய்வதில்லை. ஆனால் மரங்களுக்குள் நாலு எட்டு வைத்ததும் அந்த இரைச்சல் எங்கே போகிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

பின் கேட்டில் தாண்டவராயன் என்று ஒரு காவலாளி இருந்தார். வல்லத்துக்காரர். எதைக் கேட்டாலும் கையை ஆட்டித்தான் பதில் சொல்வார். மீறிப் பேசினால் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வரும். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த மனுஷன், டியூட்டியில் பொழுது போக அந்த மரங்களுக்குள் நடந்துகொண்டே பாடுவார், போன வருஷம் திடீரென்று குரல் போய்விட்டது, டாக்டர் பார்த்தும் தொண்டையில் ஒன்றும் இல்லையாம் என்று லோகேஷ் ஒருமுறை சொன்னான்.

லோகேஷ் நிறுவனத்தில் அவளுக்கு மேலே இருப்பவன். கிரீன் பெல்ட்டில் ஒன்றுமே இல்லை என்று அவள் சொன்னது அவனுக்குப் பிடிக்கவில்லை. காசு கொடுக்கும் கம்பெனிக்கும் பிடிக்காது. பறவைக் கணக்கெடுப்பில் ஒரு வழக்கம் உண்டு. கண்ணில் படாத பறவையின் குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டால், அது பக்கத்தில் இருந்தால் பதில் குரல் கொடுக்கும். அங்கே இருக்க வாய்ப்புள்ள பறவையின் குரலைத்தான் போட வேண்டும். அதையும் அளவோடு போட வேண்டும்.

"ஏரில ரெக்கார்ட் எடுத்ததையே போடும்மா," என்றான் லோகேஷ். "பக்கத்துலதான கீது. ஒண்ணு ரெண்டு வந்து கொரல் குட்த்தா போதும்."

அது சரியில்லை என்று தெரிந்தேதான் முத்துச்செல்வி செய்தாள். அன்று சாயங்காலம் ப்ளூடூத் ஸ்பீக்கரை ஒரு கிளையில் மாட்டி, ஏரியில் பதிந்ததைப் போனிலிருந்து போட்டாள். முதலில் செண்பகம். பிறகு ஆள்காட்டி. கடைசியாகக் கானாங்கோழி. எதுவும் பதில் சொல்லவில்லை. ஸ்பீக்கரைக் கழற்றக் கை நீட்டியபோது போன் அடித்தது.

மகள் சுகப்பிரியா. நாலு வயது. சங்கரன்கோவில் பக்கம் மதினி வீட்டில் வளர்கிறாள். புருஷன் இசக்கிபாண்டிக்கு இருங்காட்டுக்கோட்டையில் மாறிமாறி ஷிப்ட், இவளுக்கு ஊர் ஊராக அலைச்சல், இருக்கும் ஒற்றை அறையில் பிள்ளையை யாரிடம் விடுவது? போனை எடுத்ததும் குரல் கிளையில் இருந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தது. வெறிச்சென்று கிடந்த அந்த இடம் முழுக்க மகளின் குரல். அணைக்கலாம் என்று நினைத்தாள். மனசு வரவில்லை. கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.

"எம்மா, என்னய எப்பம் கூட்டிட்டுப் போவ?"

"பள்ளிக்கூடம் தெறக்கவும் கூட்டியாந்துருவேன் சுகா."

"பொய் சொல்லுத."

"இல்லட்டி, நெசமா."

"அங்கன யாரு இருக்கா?"

"யாரும் இல்லட்டி. மரந்தான் இருக்கு."

சுகப்பிரியா எதற்கோ சிரித்தாள். மதினி போனை வாங்கி வைத்துவிட்டாள். முத்துச்செல்வி ஸ்பீக்கரைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். ஒரு இலைகூட அசையவில்லை. பேச்சு முடிந்தபிறகும் யாரோ காதை எடுக்காத மாதிரி இருந்தது.

மறுநாள் சாயங்காலம் கிரீன் பெல்ட்டுக்குள் செண்பகம் கூவியது.

அவளுக்கு ஒரே சந்தோஷம். மரங்களின் ஆழத்திலிருந்து, அடித்தொண்டையில், அதே கூவல். பறவையைத் தேடி நடந்தாள். வரிசைக்கு வரிசை ஒரே மரமாக இருந்ததால் நடந்த தூரமே தெரியவில்லை. கூவல் திரும்ப வந்தது, இந்தமுறை கொஞ்சம் கிட்டத்தில். கூவலின் நடுவே, மெல்லிசாக, ஒரு பஸ் ஹாரன் கேட்டது. முத்துச்செல்வி நின்றுவிட்டாள். அந்த ஹாரன் அவளுக்குத் தெரியும். ஏரியில் பதிவு செய்தபோது கரையோடு போன கம்பெனி பஸ் அடித்தது. பையைத் திறந்து பார்த்தாள். ஸ்பீக்கர் அணைந்துதான் கிடந்தது.

காலையில் ஏரிக்குப் போனாள். செண்பகம் வழக்கமான இடத்தில், நாணல் மேல் உட்கார்ந்திருந்தது. செம்பழுப்பு இறக்கை வெயிலில் மின்னியது. தலையைத் தாழ்த்திற்று, தொண்டை உப்பிற்று, உடம்பு முழுக்க எக்கிக் கூவிற்று. சத்தம் வரவில்லை. திரும்பவும் எக்கியது. திரும்பவும் ஒன்றும் வரவில்லை. பைனாகுலரில் அதன் தொண்டை அசைவது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் மரங்களுக்குள் ஆள்காட்டிகள் கத்தின. விடிந்ததும் ஏரிக்கு மேலே ஆள்காட்டிகள் அலகைத் திறந்து திறந்து மூடியபடி சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. லோகேஷைக் கூப்பிட்டுச் சொன்னாள். பறவைக்கும் சளி பிடிக்கும் என்று சிரித்தான். கிரீன் பெல்ட்டில் ரெண்டு வகை கிடைத்ததே, அதைப் பார் என்றான்.

ஆனால் கானாங்கோழி ஏரியில் கத்திக்கொண்டுதான் இருந்தது. அந்த ஒரு சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவள் பகல் முழுவதையும் ஓட்டினாள். மத்தியானம் ஊருக்குப் பேசினாள். சுகப்பிரியா பொரிகடலை வேண்டும் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தாள், கணீரென்று. எல்லாம் மனப்பிரமை என்று முத்துச்செல்வி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். செண்பகம், ஆள்காட்டி, கானாங்கோழி. அவள் போட்ட வரிசை அது. கானாங்கோழிக்குப் பிறகு அந்த மரங்கள் கேட்டது எது என்பதை மட்டும் நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். இன்றைக்குக் கானாங்கோழி கிரீன் பெல்ட்டில் கத்தாவிட்டால் பயம் விட்டுப்போகும். அறையில் சும்மா உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை.

கேட்டில் தாண்டவராயன் டீ குடித்துக்கொண்டிருந்தார். வானம் மூடியிருந்தது, மழைக்கு முந்திய புழுக்கம். உள்ளேயிருந்து யாரோ பாடுவது கேட்டது. ஏதோ பழைய பாட்டு, கனிந்த ஆண்குரல், ஒவ்வொரு அடியின் கடைசியிலும் லேசாக இழுத்து நிறுத்தியது. உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று கேட்டாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"என்னுதும்மா," என்றார். காற்றுதான் வந்தது. அவள் குனிந்து கேட்டாள். "வேற கேட்டுக்கு மாத்துறோம்னாங்க. நான் போவல. இங்க இருந்தா கேட்டுகினாவது இருக்கலாம்ல."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. பாட்டு முடியும்வரை இருவரும் நின்றார்கள். அது ஓய்ந்த இடத்திலேயே, ஒரு மூச்சு இடைவெளிகூட இல்லாமல், கானாங்கோழி கத்தத் தொடங்கியது.

திரும்பி ஓடியிருக்க வேண்டும். கால்கள் உள்ளே போயின. முதல் வரிசை, அடுத்த வரிசை, அதற்கடுத்தது. பின்னால் பிரஸ் மெஷினின் இடி அறுந்து போனது. கழிவுநீர் நெடி. ஈரம். வாயைக் கையால் பொத்திக்கொண்டு நடந்தாள். கானாங்கோழி ஓய்ந்தது.

அமைதி.

"எம்மா."

இடதுபக்கம், இடுப்பு உயரத்திலிருந்து.

அவள் திரும்பினாள். மரம். அதன் பின்னால் மரம்.

"எம்மா, என்னய எப்பம் கூட்டிட்டுப் போவ?"

ஊருக்கு வீடியோ கால் போட்டாள். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மதினி எடுத்தாள். முகம் வெளிறியிருந்தது.

"பிள்ளைக்கு என்னன்னு தெரியல முத்து. இப்பந்தான் வெளாண்டுட்டு இருந்தா. திடீர்னு தொண்டையப் பிடிச்சுக்கிட்டா."

மதினி போனைத் திருப்பினாள். சுகப்பிரியா. கன்னமெல்லாம் கண்ணீர். அம்மாவைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். அந்தச் சின்னத் தொண்டை உப்பியது. உடம்பே எக்கியது. உதடுகள் சேர்ந்தன, பிரிந்தன. அம்மா என்கிறாள். சத்தம் இல்லை. திரும்பவும் எக்கினாள். திரும்பவும் இல்லை. மதினியின் வீட்டு மின்விசிறி கடகடப்பது மட்டும் தெளிவாகக் கேட்டது.

முத்துச்செல்வி போனை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். சுகா, பயப்படாதட்டி, அம்மா இந்தா வாரேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

எக்கினாள். தொண்டை வலித்தது. காற்றுதான் வந்தது.

மரங்களுக்குள், வலதுபக்கம், அவள் தலை உயரத்திலிருந்து, பாசமாக, அவளுடைய குரலே பதில் சொன்னது.

"பள்ளிக்கூடம் தெறக்கவும் கூட்டியாந்துருவேன் சுகா."

"பொய் சொல்லுத."

"இல்லட்டி, நெசமா."

போனுக்குள் மகள் வாயைத் திறந்து திறந்து மூடினாள். வெளியே தாயும் அப்படியே. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, இருட்டத் தொடங்கிய மரங்களுக்குள் அந்தப் பேச்சு நிதானமாகத் தொடர்ந்தது.

"அங்கன யாரு இருக்கா?"

"யாரும் இல்லட்டி. மரந்தான் இருக்கு."

பிறகு அந்தச் சிரிப்பு, முதலில் ஒரு மரத்திலிருந்து, அப்புறம் எல்லா மரங்களிலிருந்தும்.