உட்காராதவள்

மதியம் ஆவதற்குள் மூவரும் கல்குடிசைக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். ஊனா கதவைத் தோளால் முட்டித் திறந்தாள். எலிப் புழுக்கை, பழைய கரிப்புகை, ஈரக் கம்பளி எல்லாம் கலந்த வாடை. ஜின்னி முந்திக்கொண்டு ஓடி, அடுப்பருகே ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தது. பழுப்பும் வெள்ளையுமான ஸ்பேனியல் வகை வேட்டைநாய். குட்டியிலிருந்து ஊனாவே பழக்கியது. பறவையைக் கிளப்பினாலும் சரி, துப்பாக்கி வெடித்தாலும் சரி, அடுத்த நொடி உட்கார்ந்துவிடும். அப்படிப்பட்ட நாய் ஸ்காட்லாந்தின் சதர்லாந்து மலைப்பக்கத்தில் இன்னொன்று இல்லை என்று பேச்சு.

அன்று வேட்டைக்காலத்தின் கடைசி நாள். அதுவரை பணக்காரர்கள் சுடுவதற்காகப் புதர் அடித்துப் பறவை விரட்டிய கூலிக்காரர்கள் தங்கள் சட்டிக்காகத் தாங்களே சுட்டுக்கொள்ளும் நாள்.

"கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் போறேன்," என்றாள் ஊனா.

கணவன் ஹெக்டர் வீங்கிய முழங்காலைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்தான். "பைத்தியமா உனக்கு? அங்க போன ரெண்டு நாயும் திரும்பி வரல."

"மலைக்கவுதாரி எல்லாம் அங்கதான் இருக்கு. செத்தவனுக்குப் பயந்து இங்க முயலைத் தின்னுட்டுக் கெடக்கணுமா?"

ஹெக்டரின் தம்பி மர்டோ சிரித்தான். "போங்க அண்ணி. கால்டர் ஐயா விசில் ஊதினா மட்டும் மறக்காம உட்கார்ந்துடுங்க."

யாரும் சிரிப்பில் சேரவில்லை. கால்டர் இந்த மலையின் தலைமைக் காவலனாக இருந்தவன், வாயில் எப்போதும் புகையிலைக் குழாய். புதர் அடிப்பவர்களுக்கும் நாய்க்கும் அவனுக்கு ஒரே விசில்தான். குட்டையாக ஒரு ஊதல் ஊதினால் எங்கே இருந்தாலும், சேறானாலும் முள்ளானாலும், உட்கார வேண்டும். உட்காராதவனுக்கு மறுநாள் வேலை கிடையாது. ஒரு நாள் ஓடிப்போன நாயைத் தேடி மூடுபனியில் வேலிக்கு அப்பால் போனான். அவனும் கிடைக்கவில்லை, அவன் விசிலும் கிடைக்கவில்லை.

ஊனா பாவாடை வயதிலிருந்து அவன் விசிலுக்கு உட்கார்ந்தவள். அந்த ஈரம் இன்னும் இடுப்பெலும்பில் இருந்தது.

வேலியைத் தாண்டியதும் ஜின்னி மூக்கைத் தரையில் வைத்து, இடமும் வலமுமாகப் புதரைத் துழாவிக்கொண்டு முன்னே போனது. வால் துடித்தது. சடசடவென்று ஒரு ஜோடி கவுதாரி கிளம்பியது. ஜின்னி உட்கார்ந்தது. ஊனா சுட்டாள். ஒன்று விழுந்தது. சொன்ன பிறகே ஜின்னி ஓடி, அதை வாயில் பதமாகக் கவ்விக்கொண்டு வந்தது.

"என் தங்கம்," என்று காதைத் தேய்த்துவிட்டாள்.

பிறகு பனி சூழ்ந்தது. மேலிருந்து வரவில்லை. தரையிலிருந்து, கறுத்த சேற்றுக்குழிகளிலிருந்து, மெல்ல எழுந்தது. காற்று நின்றது. அழுகிய பாசி நாற்றத்தோடு குழாய்ப்புகையிலையின் வாசனையும் சேர்ந்து வந்தது.

எங்கோ ஒரு விசில். குட்டையாக, ஒற்றை ஊதல்.

ஜின்னி உட்கார்ந்தது.

ஊனாவின் விசில் அவள் கழுத்தில்தான் தொங்கியது. அவள் ஊதவில்லை.

அடுத்து நீண்ட ஊதல் வந்தது. வா என்று அழைக்கும் ஊதல். ஜின்னி எழுந்து புதைசேற்றைப் பார்த்து நடந்தது. ஊனா தன் விசிலைப் பல்லில் கடித்து ஓங்கி ஊதினாள். நாய் நின்றது, தடுமாறியது, அவள் பக்கம் திரும்பி வரத் தொடங்கியது.

அதன் பின்னால் பனிக்குள் ஓர் ஆள் நின்றான். இடுப்பு வரைதான் தெரிந்தான். மீதி சேற்றுக்குள் இருந்தது.

"போடா!" என்று கத்தி, அவன் தலைக்கு மேலே சுட்டாள் ஊனா.

வெடிச்சத்தம் கேட்டதும் ஜின்னி உட்கார்ந்துவிட்டது.

அவள் கற்றுக்கொடுத்தது. அவளேதான்.

நாயின் அடியில் பச்சைப் பாசி மெத்தைபோல ஆடியது. முன்கால்கள் அமிழ்ந்தன. "ஜின்னி, வா! வாடி!" நாய் எழ முயன்றது. உடனே குட்டை ஊதல். மறுபடி உட்கார்ந்தது. வயிறுவரை சேறு. கண்கள் மட்டும் ஊனாவை விட்டு நகரவில்லை.

துப்பாக்கியை எறிந்துவிட்டு அவள் சேற்றில் இறங்கினாள்.

ஊதல்.

அவள் முழங்கால்கள் தாமாக மடங்கின. உடம்பே கேட்டது, அவளைக் கேட்காமல். பாதி இறங்கிய இடுப்பைப் பற்களைக் கடித்துக்கொண்டு நிமிர்த்தினாள்.

"நான் உன் நாய் இல்ல," என்றாள். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "இதுவும் இல்ல."

ஊதல். இன்னும் பக்கத்தில், பிடரியில் மூச்சுப்படும் தூரத்தில்.

நிமிர்ந்தே நின்றாள். ஜின்னியின் கழுத்துத் தோலைப் பற்றி இழுத்தாள். சேறு விடாமல் உறிஞ்சியது. அழுதுகொண்டே, கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டே இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்த நாயைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். வேலி வரைக்கும் ஊதல் பின்னாலேயே வந்தது. ஒவ்வொரு ஊதலுக்கும் முழங்கால் மடங்கப் பார்த்தது. அவள் உட்காரவில்லை.

குடிசையில் ஹெக்டர் அடுப்பருகே நின்று சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தான். மர்டோ கோப்பைகளோடு எதிரே வந்தான்.

"என்ன அண்ணி, சேத்துல புரண்டீங்களா?"

"கால்டர் அங்கதான் இருக்கான்."

"அங்க தானே? இருந்துட்டுப் போகட்டும்," என்று மர்டோ சிரித்தான். "செத்தவன் வேலியைத் தாண்டியா..."

கதவுக்கு வெளியே ஒற்றை ஊதல்.

ஹெக்டர் கரண்டியோடு தரையில் உட்கார்ந்தான். மர்டோ கோப்பைகளைக் கீழே போட்டுவிட்டு, ஈரக் கல்லின்மேலேயே உட்கார்ந்தான். இருவர் முகத்திலும் சிறுபிள்ளை போன்ற பயம்.

"எந்திரிக்க முடியல, ஊனா," என்றான் ஹெக்டர் மெல்ல.

ஜின்னி அவள் தோளில் நடுங்கியது. ஊனா அதை இறக்கவில்லை. போய்க் கதவைத் திறந்தாள். வாசற்கல்லில் பாசி ஒட்டிய கறுப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது. புகையிலை வாசனை. ஆள் யாரும் இல்லை.

"ஊது," என்றாள் அந்த வெறுமையிடம். "எவ்வளவு ஊதணுமோ ஊது."

அவளுக்கு நேர் எதிரே, முகத்துக்கு அருகில், யாரோ மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது.

ஊனா காலை அகட்டி ஊன்றி நின்றாள்.