அந்தோனியின் நீட்டிய கை

கண்டிக்கு அருகே அக்குறணையில் எனக்குப் பழைய சாமான் கடை. ஜூலைக் கலவரம் முடிந்த எண்பத்து மூன்று ஆகஸ்டில், கொள்ளைபோன சாமான்கள் மலிந்து கிடந்தன. கல்லாவுக்கு மேலே தொங்கும் சுவர் மணிக்கூடு அப்போது வந்ததுதான். யாருடையது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் விலை ஏறும்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மழை மதியத்தில், கட்டுகஸ்தோட்டைக்கு மேலே இருந்த ஒரு வீட்டுக்கு வேனில் போனேன். வீட்டுக்காரர் சுந்தரலிங்கம், பென்சன் எடுத்த உத்தியோகத்தர். இயந்திர மனிதன் ஒன்று விலைக்கு இருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. அதற்கு அடியிலிருந்து பழைய கரி வாடை கசிந்தது. கதவில் மட்டும் தீயில் கறுத்த ஓர் ஆமைப்பூட்டு தொங்கியது.

"நல்ல பூட்டு, நானா. ஏன் வீணாக்குவான்?" என்றார். முஸ்லிம் கடைக்காரரை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அறை மூலையில் அது நின்றது. பிஸ்கட் தகரத்தில் உடம்பு, குழந்தை வண்டிச் சில்லு, நெஞ்சில் கசற் ரெக்கோடர். இடுப்பளவு உயரம்.

"என்ரை ஒண்டுவிட்ட தங்கச்சி செசிலியாவுக்கு நடக்க ஏலாது. தம்பிக்காரன் வெளிநாடு போக முதல் செய்து குடுத்தவன். அந்தோனி எண்டு பேர்."

செசிலியா தனக்கு வேண்டியதைக் கசற்றில் பேசிப் பதிவாள். அந்தோனி உருண்டு வந்து அவள் குரலைப் போட்டுக் காட்டிக் கை நீட்டுவான். மருந்தோ தேநீரோ வைத்தால் விரல் மூடும், திரும்பிப் போய்விடுவான். கொடுக்கும்வரை போகமாட்டான்.

வெட்கமில்லாமல் அடிமாட்டு விலை ஒன்று சொன்னேன்.

"சரி, ஏத்துங்கோ."

சொன்ன முதல் விலைக்கே தலையாட்டுகிறவன் ஒன்றில் கள்வன், இல்லாவிட்டால் பயந்தவன். முதுகுத் தகரத்தைத் திறந்து பார்த்தேன். பற்றரியே இல்லை. சில்லு அச்சில் ஈரமான ஆற்று மணல்.

"ஐயா, இத ஆத்துல போட்டீங்களா?"

அவர் குரல் இறங்கியது. "கம்பளைப் பாலத்திலை இருந்து தள்ளினனான். மூண்டாம் நாள் வாசலிலை நிண்டது."

அப்போது கசற் சுற்றியது.

பற்றரி இல்லாமல்.

தகரக் கை மெல்ல எழுந்து, உள்ளங்கை மேலே திரும்பியது. தளர்ந்த ஒரு பெண்குரல் கேட்டது.

"அண்ணை, திறப்பைத் தந்திட்டுப் போங்கோ."

சுந்தரலிங்கம் சுவரோடு ஒட்டிக்கொண்டார். நான் சிரிப்பாகத் தகரக் கையில் ஒரு ரூபாய்க் குற்றியை வைத்தேன். கை சரிந்து அதைக் கீழே கொட்டியது.

"அண்ணை, திறப்பைத் தந்திட்டுப் போங்கோ."

"என்ன திறப்பு, ஐயா? எந்தப் பூட்டுச் சாவி?"

"கலவரம் வரேக்கை அவளை உள்ளை விட்டு வெளியிலை பூட்டிப்போட்டுப் போனனான். ஆள் இல்லையெண்டு நினைச்சு விட்டிடுவாங்கள் எண்டு ஊருக்குச் சொன்னன். அவங்கள் கொண்டியை உடைச்சுச் சாமானை அள்ளினவங்கள். பிறகு திரும்பவும் சாத்தி, அவளோடை சேத்துக் கொளுத்தினவங்கள்."

"அவ கேட்டது ஒங்களுக்குக் கேக்கல்லியா?"

"கேட்டது." கண்ணை மூடிக்கொண்டார். "கதவுக்கு அங்காலை இவன் நிண்டு கேட்டவன். கேட்டுக்கொண்டேதான் போனன். வீடு அவளின்ரை, நானா. இப்ப என்ரை."

திறப்பு அவர் இடுப்புக் கயிற்றில் தொங்கியது. அங்கேதான் என் வியாபாரப் புத்தி பிழை செய்தது.

"கேக்கிறதக் குடுத்துடுங்க, ஐயா. கெடச்சா போயிடும். எங்கட கடைக்கு வாற ஆக்களும் அப்பிடித்தானே."

அவர் திறப்பை அவிழ்த்துத் தகரக் கையில் வைத்தார். விரல்கள் மூடின. நான் வேனில் கயிறு எடுக்க இறங்கினேன்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

கிளிக்.

திரும்பினேன். விறாந்தையில் அந்தோனி நின்றான். பூட்டு, கொண்டியில்.

உள்ளே இருமல். பிறகு கதவில் அடி. பிறகு அலறல். மண்ணெண்ணெய் நாற்றம் மூக்கில் ஏறியது. ஆனால் ஒரு கீற்றுப் புகைகூட வெளியே வரவில்லை. ஜாக்கி லீவரால் கொண்டியை உடைத்துத் திறந்தபோது, கட்டிலின் நுளம்பு வலை கரி படாமல் வெள்ளை வெளேரென்று தொங்கியது. சுந்தரலிங்கம் கதவடியில் கிடந்தார். மூக்கிலும் வாயிலும் கரி. நகம் ஒன்றும் மிச்சமில்லை.

விறாந்தையில் மணல் கோடு மட்டும் இருந்தது. அது படியிறங்கி, மாத்தளை றோட்டில் அக்குறணைப் பக்கம் திரும்பியது.

மறு வெள்ளிக்கிழமை பின்னேர அஸர் தொழுதுவிட்டு வந்தேன். கடை வாசலில் அந்தோனி.

கசற் சுற்றியது.

"நானா, என்ரை மணிக்கூட்டைத் தாங்கோ."

கொடுத்தால் என்ன நடக்கும் என்று கண்டவன் நான். கொடுக்கவில்லை. பள்ளிவாசலுக்கு எடுத்துப்போகிறேன், தருமம் செய்கிறேன், புதிதாகவே ஒன்று வாங்கி வைக்கிறேன் என்றெல்லாம் பேசிப் பார்த்தேன். பேரத்துக்குப் படியாத முதல் ஆள்.

ஒவ்வொரு நாளும் ஒரு சாண் உள்ளே வருகிறான்.

இன்று கல்லாவைத் தொட்டுக்கொண்டு நிற்கிறான், எனக்கும் கதவுக்கும் நடுவில். மற்றக் கையில், தீயில் கறுத்த அந்தப் பூட்டு.