பனியன் விளம்பரத்தில் ஒரு சிரிப்பு

பல்லடம் பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்க ஓடிய ஜெயபாரதி, யார் மேலோ நேராகப் போய் மோதினாள். நிமிர்ந்தால்... சண்முகவேல்.

இந்த மழைக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா?

"பாத்து வரக் கூடாதுங்களா?" என்றான். அதே குரல்தான். கண்ணில் மட்டும் பழைய குறும்பு இல்லை.

போன தீபாவளி வரை இருவருக்கும் திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனி. அவன் தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங்கில். வெப்சைட்களில் கம்பெனி விளம்பரம் போடுவது அவள் வேலை. ஒரு நாள் மாடல் வராமல் போக, இவனை இழுத்து வந்து பனியனோடு நிற்க வைத்துத் தானே படம் எடுத்தாள். "கூச்சமா இருக்குங்க" என்று நெளிந்தவன், கடைசிப் படத்தில் மட்டும் அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தான்...

அதை உள்ளூர்ச் செய்தி வெப்சைட் ஒன்றில் போட்டாள். பார்க்கிறவர்களே கொஞ்சம் பேர். ஆனாலும் விளம்பரத்தைத் தட்டித் திறக்கிற கணக்கு, அந்தக் கிளிக் ரேட், எகிறியது. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை.

அவனுக்கோ மானம் போனது. "பொண்ணு பாக்கப் போன ஊட்ல, அந்தப் புள்ள போன்ல நான் பனியனோட நிக்கறனுங்க. எடுத்துருங்க" என்று கெஞ்சினான்.

பொண்ணு பார்க்கவா? சுருக்கென்றது அவளுக்கு. "நல்லா ஓடற விளம்பரம். எடுக்க முடியாதுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்ன வீம்போ, பாவி மகளுக்கு. அவன் வேலையை விட்டுவிட்டுத் தாராபுரம் போய்விட்டான்.

"இன்னும் ஓடுதுங்களா நம்ம படம்?" என்றான் இப்போது.

"இல்லீங்க..." இன்றைக்கு விட்டால் இனி எப்போது? "அந்தக் கிளிக்குல பாதிக்கு மேல... நான் தட்டுனதுங்க."

"நீங்களா?"

"நம்ம விளம்பரத்த நாமளே தட்டக் கூடாதுன்னு எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கறவ நானு. டீ டைம்ல, பஸ்ல, ஊட்ல... உங்க மொகத்தப் பாக்கறதுக்கே தட்டிட்டு இருந்தனுங்க. பொண்ணு பாக்கறீங்கன்னதும் கோவம் வந்துருச்சு. தப்புத்தானுங்க."

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவன் ஒரு எட்டு கிட்ட வந்தான்.

"பனியனப் பாத்தா சிரிச்சேன்னு நெனச்சீங்க? படம் எடுத்தது நீங்கங்கறதாலதானுங்க..."

ஒரு நொடி அந்தக் குறும்பு எட்டிப் பார்த்தது. அவள் உயிரே கண்ணுக்கு வந்து நின்றது. ஆனால் அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"போன வாரம் நிச்சயமாயிருச்சுங்க. அந்தப் புள்ளதான். மொதல்ல வேண்டாம்னு சொன்னாங்க... நீங்க விளம்பரத்த எடுக்காம உட்டீங்கல்ல, தெனமும் பாத்துப் பாத்து அதுக்குப் புடிச்சுப் போச்சாமா."

ஜெயபாரதிக்குச் சிரிக்கவும் வரவில்லை, அழவும் வரவில்லை.

தாராபுரம் பஸ் வந்தது. படியில் ஏறியவன் திரும்பினான். நனைந்த முகம்... நனைந்த கண்கள்.

"அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்க. போன்ல எதுக்கு... நானே வந்து முன்னாடி நின்னிருப்பேனே."