குருவியின் ஒலிப்பதிவு

அழித்த பதிவு திரும்ப வந்திருந்தது.

மனநல ஆலோசகரான அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். 'குருவி.' கணவனின் அடிக்குத் தப்பி எங்கோ ஒளிந்து வாழும் பெண்ணுக்கு அவள் வைத்த ரகசியப் பெயர். அந்தப் பெண் அழுதழுது பேசியதைச் சற்று முன்புதான் தன் கையாலேயே அழித்திருந்தாள். வந்தவர்களெல்லாம் போய்விட்ட மாலை. வெளியே மழை விட்டும் விடாமல் பிசுபிசுத்துக்கொண்டிருக்க, ஈரக் கம்பளத்தின் வாடை மூடிய அறைக்குள் மெல்ல மெல்லக் கனத்துக்கொண்டே வந்தது.

பதிவுகளை இணையத்தில் ஏற்றத் தொடங்கிய அன்றே தம்பி தலையில் அடித்துக்கொண்டான். கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துகிறவன்.

"யாரு எவருன்னு தெரியாத கம்பெனி சர்வர்லயா இதையெல்லாம் ஏத்துவே? நிபந்தனையைப் படிச்சியாக்கா? நீ வைக்கிறதை அவன் இஷ்டத்துக்குப் பயன்படுத்திப்பானாம். அழிச்சா அழியுமான்னுகூட சொல்லலை. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிதான் ஏத்தணும், திறக்கிற சாவி உன்கிட்ட மட்டும் இருக்கணும்."

"போடா, என்கிட்ட வர்றவங்க அழுகையை எவன் உக்காந்து கேக்கப்போறான்?" என்று அவன் வாயை அடைத்திருந்தாள். அவன் நச்சரிப்பு தாங்காமல்தான் இன்று எல்லாவற்றையும் வேறிடம் மாற்ற உட்கார்ந்தது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவை ஓடவிட்டாள். குருவியின் விசும்பல், நாற்காலியின் முனகல், "தைரியமா போயிட்டு வாம்மா" என்ற தன் குரல், கதவு சாத்தும் ஓசை. அதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை.

வெகுநேரம் வெறும் இரைச்சல். பிறகு அவளுடைய குரலே கேட்டது.

"இப்ப எங்க இருக்கே?"

அவள் அதைக் கேட்டதே இல்லை. தெரிந்துகொள்ளவே கூடாதென்று தவிர்த்து வந்த கேள்வி.

"இப்ப எங்கம்மா இருக்கே?" இன்னும் கொஞ்சம் கனிவாக. மறுபடி. மறுபடி. அவளைப்போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்கம்மா இருக்கே, சொல்லு..."

யாரோ அவள் குரலில் பேசிப் பழகுகிறார்கள்.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். அழித்தாள். வந்தது. அழித்தாள். வந்தது. கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தாள். எடுத்தார்கள். பேச்சில்லை. மறுமுனையில் மெல்லிய செருமல்.

அவளுடைய செருமல்.

துண்டித்தாள். உடனே குருவியை அழைத்தாள்.

"என்ன மேடம் மறுபடியும்? இப்பதானே பேசினீங்க?"

"நான் பேசலைம்மா."

"விளையாடாதீங்க. நீங்கதானே அட்ரஸ் கேட்டீங்க? பக்கத்துலதான் இருக்கேன், இதோ வர்றேன்னு சொன்னீங்களே!"

போனுக்குள் கதவு தட்டும் ஓசை. மெதுவாக. மரியாதையாக.

"திறக்காதே! அது நான் இல்லை! திறக்காதே!"

குருவி மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"வெளிய மேடம் குரல் கேக்குது," என்றாள், பயந்துபோய். "அப்ப நீங்க யாரு?"

"நான்தாம்மா... நான்தான்..." குரல் உடைந்து கீச்சிட்டது. தன் காதுக்கே அந்நியமாக.

போனுக்குள் தாழ்ப்பாள் விலகும் ஓசை.

ஒரு அலறல்கூட இல்லை. யாரோ போனைத் தரையிலிருந்து எடுக்கும் சரசரப்பு மட்டும். பிறகு, கனிவு ஒரு துளியும் குறையாத, அவளுடைய சொந்தக் குரல்:

"பயப்படாதீங்க மேடம். இப்ப நீங்க எங்க இருக்கீங்க?"