நான்கு குவளைகளுக்கு அடியில்

அறையில் இருந்தவர்கள் நால்வர். கதவை ஒட்டிய நாற்காலியில் பாதுகாப்பு அதிகாரி. சன்னலோரம் வரைவாளர். அலமாரிப் பக்கம், சிமென்டுத் தூசி படிந்த காலணியோடு களப் பொறியாளர். நீள மேசையின் கோடியில் சர்வேயரம்மா. வாரத்தில் மூன்று நாள் வந்து, கம்பி எவ்வளவு, கான்கிரீட் எவ்வளவு என்று வரைபடத்திலிருந்து அளவெடுத்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரி.

காலை பத்தரை. கட்டிக்கொண்டிருக்கும் பெட்டக அறையின் வரைபடத்தை நேற்று மாலை தேடியபோது காணவில்லை. ஒரு தாள்கூட இந்த அறையைத் தாண்டக்கூடாது என்பது விதி. இன்று அது சர்வேயரம்மாவின் இழுப்பறையில் கிடைத்தது.

வெள்ளைக் குழலாய் இருந்த தாளை அதிகாரி விரித்தார். ஓரங்கள் மேலே மேலே சுருண்டன. நான்கு மூலையிலும் தேநீர்க் குவளை வைத்துத்தான் அடக்க முடிந்தது.

"இழுப்பறைக்குப் பூட்டு?"

"இல்ல சார்."

"நேத்து எப்ப கிளம்புனீங்க?"

"ரெண்டு மணிக்கு. பொண்ணுக்கு ஸ்கூல் விடுற நேரம்."

"வீட்டுக்குக் கொண்டுபோயிட்டு, இன்னைக்குத் திருப்பி வச்சிருக்கீங்க."

"வீட்டுல எதுக்கு சார், அலமாரிக்கு விரிக்கவா?" என்றார் வரைவாளர்.

"நீங்க சும்மா இருங்க."

அவளது அனுமதி அட்டையை ரத்து செய்யச் சொல்லும் கடிதம் மேசைமேல் தயாராக இருந்தது. அது போனால், காவல் உள்ள எந்தக் கட்டடத்திலும் இனி அவளுக்கு வேலை இல்லை. மகளின் மாலை நேரத்தைப் பறிக்காத வேலை இது ஒன்றுதான்.

அவள் குவளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அந்தக் குவளைகளை எடுங்க."

எடுத்ததும் தாள் சட்டென்று சுருண்டது. கோடுகள் உள்ளே மறைந்தன. அவள் தன்னுடைய சுருள் ஒன்றை விரித்தாள். அது எந்தப் பாரமும் இல்லாமல் மேசையோடு படிந்து கிடந்தது.

"மேசையில அளக்குறவங்க கோடு வெளிய தெரியத்தான் சுருட்டுவோம். அப்பத்தான் விரிச்சா படுக்கும். வரைவாளரண்ணனும் அப்படித்தான். கோட்டை உள்ள வச்சுச் சுருட்டுறது சைட்டுக்காரங்க. தூசி படக்கூடாதே."

பொறியாளர் தன் காலணியைப் பார்த்தார்.

"அக்கா... நான்தான். சுவர்ல கதவுக்கு விடுற இடத்துல சந்தேகம், நாளைக்குக் கான்கிரீட் போடணும். நேத்து சைட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். திரும்புறதுக்குள்ள தேட ஆரம்பிச்சுட்டாங்க. இன்னைக்கு வந்ததும் பயத்துல கைக்கு எட்டுன இழுப்பறையில சொருகிட்டேன். யாருதுன்னு யோசிக்கல."

"யோசிச்சிருக்கணும்." உடனே கேட்டாள்: "கதவு?"

"ஒரு முழம் தள்ளி விட்டிருந்தாங்க. சரிபண்ணிட்டேன்."

அதிகாரி பழைய கடிதத்தைக் கிழித்துப் போட்டு, பொறியாளர் செய்ததைப் புதிதாக எழுதினார்.

"கதவைச் சரிபண்ணினதையும் எழுதுங்க சார்."

"உங்க தலையில கட்டப் பார்த்த ஆளுக்கா பரிஞ்சு பேசுறீங்க?"

"சுவரைக் கட்டிட்டு உடைச்சா, அதையும் நான்தானே அளக்கணும்!"

அதிகாரி சிரித்துவிட்டார். ஒரு வரி சேர்த்தார். உறையில் அரக்கு வைத்து, வாசலில் நின்ற ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பினார்.