வலது கன்னத்து மச்சம்

ஃபோன் அலறியது.

காலை ஒன்பதரை. கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருந்த டீச்சர், சீப்பை வைத்துவிட்டு எடுத்தார்.

"டீச்சரா? ஒரு வீடியோ அனுப்பியிருக்கேன். பார்த்துட்டு மயக்கம் போட்டுடாதீங்க!"

தகர டப்பாவுக்குள் தலையை விட்டுப் பேசுவது போன்ற குரல். ஏதோ மெஷினில் மாற்றியிருந்தார்கள்.

"யாரு... யாரு நீ?"

"பதினொரு மணிக்கு சட்டசபையில ஓட்டெடுப்பு. நீங்க போகக் கூடாது. பத்தரைக்குள்ள இந்த நம்பருக்கு 'சரி'ன்னு மெசேஜ் வரணும். வரலைன்னா, உங்ககிட்ட படிச்ச அத்தனை பேர் ஃபோன்லயும் இன்னிக்கு நீங்கதான் ஹீரோயின்!"

டொக்.

டீச்சர் வீடியோவைத் திறந்தார்.

ஒரு படுக்கையறை. யாரோ ஒரு ஆண். அவனோடு ஒரு பெண்... அந்தப் பெண்ணுக்கு டீச்சரின் முகம்!

மூன்றே விநாடி. ஃபோனைக் கட்டிலில் வீசினார்.

ஜோடிக்கப்பட்ட பொய். ஆனால் பொய் என்று வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிச் சொல்ல முடியுமா? பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் பாடம் எடுத்துவிட்டு, மூன்று வருஷம் முன்புதான் அரசியலுக்கு வந்து எம்.எல்.ஏ. ஆனவர். இன்றைய மசோதாவே இதற்காகத்தான். இப்படிப் பொய் ஆபாச வீடியோ செய்வது குற்றம் என்று சட்டம் வர வேண்டும். டீச்சரை விட்டுவிட்டால் சபையில் இரண்டு பக்கமும் சரிசமம். டீச்சர் போனால் ஒரு ஓட்டில் ஜெயிக்கும்.

"தம்பி!"

முன்னறையிலிருந்து பி.ஏ. ஓடி வந்தான். ஒன்பதாம் வகுப்பில் அவரிடம் படித்தவன். இப்போது அவருக்கு வலது கை.

பார்த்தான். கண்ணைப் பொத்திக்கொண்டான்.

"ஐயோ டீச்சர்... என் கண்ணு அவிஞ்சு போகட்டும்!"

"வாசல்ல காவலுக்கு ஏட்டம்மா இருக்காங்களே... சொல்லிடலாமா?"

"போலீஸா? இதுக்குச் சட்டமே இன்னும் வரலையே டீச்சர்! சொன்னா நாலு ஸ்டேஷன்ல போட்டுப் பார்த்து ரசிப்பானுங்க. மானம் போனா வருமா? உங்களுக்குக் காய்ச்சல்னு லெட்டர் அடிச்சுடறேன்."

டீச்சர் தலையாட்டினார். பயம் அவருக்காக ஆட்டியது.

பி.ஏ. போனான். மகள் வந்தாள். பல் டாக்டருக்குப் படிப்பவள்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

பெற்ற மகளிடம் எப்படிக் காட்டுவது? ஆனால் அவள் அதற்குள் ஃபோனை எடுத்துவிட்டிருந்தாள்.

"பார்க்காதடி!"

பார்த்தாள். முகம் வெளுத்தது. கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"அம்மா... மச்சம்!"

"என்ன மச்சம்?"

"உனக்கு இடது கன்னத்துல இருக்கு. இதுல வலது கன்னத்துல இருக்கு! எக்ஸ்ரே பார்க்கறப்ப இடது வலது மாறினா எங்க ப்ரொபசர் பல்லை உடைச்சுடுவாரு. என் கண்ணுக்குத் தப்பாது!"

"வீடியோவைத் திருப்பிப் போட்டிருப்பான்..."

"இல்லம்மா. பின்னாடி காலண்டர் பாரு. எழுத்தெல்லாம் நேரா இருக்கு. உன் மூஞ்சி மட்டும்தான் திரும்பியிருக்கு!"

டீச்சருக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது.

போன மாதம். கட்சிக் கூட்டத்துக்கு வைக்கும் பேனர். அதில் தலைவர் இடது பக்கம், டீச்சர் வலது பக்கம். கையில் இருந்த படத்தில் டீச்சர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவருக்கு முதுகு காட்டினால் சீட்டு கிழிந்துவிடுமே! அதனால் படத்தைத் திருப்பிப் போட்டார்கள். மச்சம் கன்னம் மாறியது. 'இது யாரோ மாதிரி இருக்கே, வேண்டாம்' என்று டீச்சர் தள்ளிவிட்டார். அந்தப் படம் அச்சாகவே இல்லை.

அது இருந்தது ஒரே ஒரு லேப்டாப்பில்!

முன்னறையில் அதன் கீபோர்டு தடதடத்துக்கொண்டிருந்தது.

இத்தனை நாள் இந்த வீட்டுச் சாவி யாரிடம் இருந்தது? மகள் அறைச் சாவியும் அவனிடம்தானே!

"அம்மா, அந்த நம்பருக்கு அடி."

"என்னால முடியலடி..."

மகள் அடித்தாள்.

ஒரு விநாடி... இரண்டு விநாடி...

ர்ர்ர்ர்ர்!

இருவரும் முன்னறையை எட்டிப் பார்த்தார்கள். மேஜை மேல் இருந்த பி.ஏ.வின் ஃபோன் சும்மாதான் கிடந்தது. துடித்தது அவன் பேன்ட் பாக்கெட்!

கீபோர்டு நின்றது.

"ஏட்டம்மா!" டீச்சர் கத்தினார். வகுப்பறைக் குரல். வாசல் வரை போனது.

ஏட்டம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். டீச்சர் மிரட்டலையும் திருப்பிப் போட்ட படத்தையும் இரண்டே வரியில் சொன்னார். பி.ஏ. ஓடவில்லை. சிரித்தான்!

"மசோதா வேண்டாம்னு நிக்கறவங்க, டீச்சர் தொகுதியை அடுத்த தடவை எனக்குத் தர்றேன்னாங்க. பண்ணேன். பொய் வீடியோ பண்றது எந்தச் சட்டத்துல குற்றம்? இன்னும் ஓட்டே போடலையே!"

"பண்ணது குற்றமில்லையோ என்னவோ... மிரட்டறது உங்க தாத்தா காலத்துலயே குற்றம் தம்பி." ஏட்டம்மா அவன் கையைப் பிடித்தார்.

சிரிப்பு செத்தது.

டீச்சர் சீப்பை எடுத்தார். வகிடு கோணலாக வந்தது. பரவாயில்லை என்று செருப்பை மாட்டினார்.

"பயமா இருக்குடி."

"இருக்கட்டும்மா. அதையும் கூட்டிக்கிட்டே போ."

பி.ஏ. வாசற்படியில் முரண்டு பிடித்தான்.

"என்னை எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"ஸ்டேஷனுக்குத்தான். உங்களை ஒரு ஃபோட்டோ எடுக்கணும்," என்றார் ஏட்டம்மா. "கவலைப்படாதீங்க... நாங்க திருப்பிப் போடறதில்ல!"