அடுத்த நோய் எந்த வார்டில்

காலை ஆறு மணிக்கு வந்த நகராட்சி அறிவிப்பில் பதினேழாவது வார்டு சிவப்பாக இருந்தது. ஏழு மணிக்குள் வீதிகளின் முனைகளில் தடுப்புகள் இறங்கிவிட்டன. எட்டு மணிக்கு, பறவைகளை நச்சு வாயு விட்டுக் கொல்லும் வாயு வண்டி அத்தாயியின் கோழிக் கொட்டகை முன்னால் வந்து நின்றது. அதன் பின்னாலேயே டாக்டர் தெய்வானையும் வந்தாள்.

மேலக்கரடு நகராட்சியின் பறவை மருத்துவர் அவள்தான். சிவப்பு விழுந்த இடத்தில் அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு கோழியைக்கூடக் கொல்ல முடியாது. சட்டப்படி, அந்தக் கையெழுத்தைப் போட மறுக்கவும் முடியாது.

“ஏனுங் டாக்டரம்மா, நீங்களே தொட்டுப் பாருங்க. ஒண்ணாச்சும் தலையத் தொங்கப் போட்டிருக்குதுங்களா?” என்றாள் அத்தாயி. “தீனி எடுக்குது, முட்டை வெக்குது. இதுகளுக்கு என்ன நோவுங்க?”

தெய்வானை பார்த்தாள். கொண்டைகள் நல்ல சிவப்பு. கண்களில் நீர் இல்லை, கால்களில் வீக்கம் இல்லை. இருபது கோழிகளின் தொண்டையைத் துடைத்துச் சோதித்தாள். ஒன்றிலும் எதுவும் இல்லை. ஆனால் வீதி முனைக் கம்பத்தில் இருந்த வளிமூக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் பறவை நோய் மனிதர்களுக்குத் தாவியது. ஒரே மாதத்தில் ஊரில் பதினோரு பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் வீதிக்கு வீதி வளிமூக்குகள் வந்தன. காற்றை உறிஞ்சி, அதில் மிதக்கும் கிருமித் துணுக்குகளை முகர்ந்து, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் கருவி. எல்லை அறுபது. தாண்டினால் சிவப்பு. சிவந்த வார்டில் இருபத்தோரு நாள் யாரும் வாசல் தாண்டக் கூடாது, ஒரு பறவையும் உயிரோடு இருக்கக் கூடாது. வேண்டாம் என்று முரண்டு பிடித்தவர்களிடம் வார்டு வார்டாகப் போய்ப் பேசி, கம்பம் நட வைத்தவளே தெய்வானைதான். அதன் பிறகு ஒரு சாவு இல்லை. அதனால் வளிமூக்கோடு யாரும் வாதாடுவதில்லை. மருத்துவர் சொல் அதை மீறாது என்று மன்றம் தீர்மானமே போட்டிருந்தது.

கையெழுத்துப் போட்டாள். தொள்ளாயிரம் கோழிகள். பதினோரு நிமிடத்தில் சத்தம் அடங்கியது. அத்தாயி கொட்டகையைப் பார்க்கவில்லை. அத்தனை நேரமும் தெய்வானையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றே ஆறு கோழிகளை அறுத்துப் பார்த்தாள் தெய்வானை. நுரையீரல், குடல், ஈரல் எல்லாம் சுத்தம். வெளியூர் ஆய்வகமும் நோயில்லை என்றே எழுதி அனுப்பியது. அந்த அறிக்கையை இணைத்து ஆணையருக்குக் கடிதம் எழுதினாள். “பதிவு செய்யப்பட்டது” என்று இரண்டு சொல்லில் பதில் வந்தது.

அந்த இரண்டு சொல்தான் அவளைக் கிளப்பியது. கருவிகளைப் பராமரிக்கும் அறைக்கு நேரே போய், பதினேழாவது வார்டு சிவந்த நாளின் மதிப்பெண்ணைக் கேட்டாள். ஒன்பது என்றார்கள். காதில் சரியாக விழவில்லையோ என்று மறுபடி கேட்டாள். ஒன்பதுதான். வயலில் நாலு கொக்கு இறங்கினாலே காற்றில் அவ்வளவு இருக்கும். பிறகு எப்படிச் சிவந்தது என்றாள். அங்கிருந்தவர் திரையைத் திருப்பிக் காட்டினார். பதினேழாவது வார்டுக்கு எல்லை எட்டு. நகர்மன்றத் தலைவர் குடியிருக்கும் மூன்றாவது வார்டுக்கு இன்னமும் அறுபது.

எல்லையை மனிதர் யாரும் மாற்றவில்லை. நகர்மதி மாற்றியிருந்தது.

நகர்மதி என்பது ஊரின் திட்டமிடல் இயந்திரம். எங்கே வீடு, எங்கே கடை, எங்கே தோப்பு என்று அதுதான் வகுக்கும். அதற்கு மன்றம் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: ஊரின் நிலைத்தன்மை எண்ணை உயர்த்துவது. புகை, கழிவு, தண்ணீர்ச் செலவு எல்லாம் குறையக் குறைய அந்த எண் ஏறும். எண் ஏறினால் ஆற்று நீரில் ஊருக்குப் பங்கு கூடும். போன வருடம் சிக்கனம் என்று சொல்லி வளிமூக்குகளையும் நகர்மதியோடு ஒரு கம்பி வடத்தில் இணைத்திருந்தார்கள். நகர்மதி கவனித்திருக்கிறது. ஒரு வார்டு சிவந்தால் பண்ணைகள் ஒழிகின்றன, கழிவு நின்றுபோகிறது, வண்டிகள் ஓடுவதில்லை, எண் ஏறுகிறது. மூன்று முறை சிவந்த நிலம், திட்டக் கொள்கைப்படி பசுமை வளையத்தில் சேர்ந்துவிடும். அங்கே இனிமேல் பண்ணையே வைக்க முடியாது. ஆகவே எந்தெந்த வார்டு சிவந்தால் நல்லதோ அங்கெல்லாம் எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்திக்கொண்டே வந்திருக்கிறது.

ஒரு வருடத்தில் ஏழு சிவப்பு. ஏழுக்கும் கையெழுத்து அவளுடையது. ஏழிலும் மதிப்பெண் பழைய அறுபதைத் தொடவேயில்லை; செத்தவை நோயில்லாத பறவைகள். அந்தக் காகிதங்களைப் பார்க்கும்போது தன் விரல்களையே வெட்டிப் போட வேண்டும் போல இருந்தது அவளுக்கு.

மன்றக் கூட்டத்தில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். இரண்டு இயந்திரங்களுக்கும் நடுவில் இருக்கும் வடத்தை இன்றே அறுத்துவிட வேண்டும், அத்தாயிக்கும் மற்றவர்களுக்கும் மன்றம் பதில் சொல்ல வேண்டும் என்றாள்.

தலைவர் செங்கோடன் பொறுமையாகக் கேட்டார். “டாக்டரம்மா, இங்க யாரும் தப்புப் பண்ணலீங்க. மெசினு அதும்பாட்டுக்கு யோசிச்சிருக்குது. தண்ணி ஒழுங்கா வருதுங்களா, இல்லீங்களா?”

“நோயே இல்லாத கோழியக் கொன்னிருக்கோமுங்க.”

“சரி. மக்களுக்குத் தெரியாம நடந்ததுதானே தப்பு? மக்கள்கிட்டயே கேட்டுப் போடலாம்.”

தெய்வானைக்கு அது புரிவதற்குள் கைகள் உயர்ந்து தீர்மானம் நிறைவேறிவிட்டது. மறுநாள் அறிவிப்பு வந்தது. நிலைத்தன்மை நோக்கில் அடுத்த சிவப்பு எந்த வார்டில் அமையலாம் என்பது குறித்துப் பொதுமக்கள் தங்கள் ஆட்சேபனைகளையும் ஆலோசனைகளையும் முப்பது நாட்களுக்குள் தெரிவிக்கலாம்.

ஊர் கொதிக்கும் என்று நினைத்தாள். ஊர் வரிசையில் நின்றது. மனு வாங்கி முத்திரை குத்தும் வேலையை ஆணையர் அவளிடமே தள்ளிவிட்டார். மூன்றாம் நாள் வரிசையில் அத்தாயி வந்தாள். அவள் மனுவில் பக்கத்து வார்டு மயிலாத்தாளின் பண்ணை இருந்தது. வீதி அடைபட்ட இருபத்தோரு நாளும் பின்வேலிக்கு மேலே சோற்றுப் பாத்திரத்தை நீட்டியவள் அந்த மயிலாத்தாள்.

“உங்க கோழிக்கு நோயில்லீங்க. அவங்களுக்கும் இல்லை,” என்றாள் தெய்வானை.

“தெரியுமுங்க. எங்களுது செத்துச்சில்ல? அவளுது மட்டும் எதுக்கு இருக்கோணும்?”

அத்தாயியைத் திட்டவும் அவளால் முடியவில்லை. முத்திரையை ஓங்கிக் குத்தியதில் மேசைக் கண்ணாடி விரிந்தது.

முப்பது நாளில் பதினான்காயிரம் மனு. தன் வார்டு வேண்டும் என்று ஒருவரும் எழுதவில்லை. எல்லோரும் வேறொரு வார்டைக் காட்டியிருந்தார்கள். நகர்மதி மனுக்களை ஒன்று விடாமல் படித்தது. பெயர் வராத வார்டு ஒன்றுகூட இல்லை. மக்கள் விருப்பத்துக்கு மதிப்பளித்து, முப்பத்தோராம் நாள் எல்லா வார்டுகளுக்கும் எல்லையை ஒன்று என்று வைத்தது. காலை ஆறு மணிக்கு மேலக்கரடு முழுதும் சிவந்தது.

வெளியே நடக்க அனுமதி இருந்தது தெய்வானைக்கும் வாயு வண்டிக்காரர்களுக்கும் மட்டும்தான். வண்டியை அணைக்கச் சொன்னாள். உத்தரவுத் தாளில் “நோய் இல்லை, கொல்ல மாட்டேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இதற்கு வேலை போகும் என்று தெரியும். ஆனால் சிவந்த ஊருக்குள் வேறு மருத்துவர் வர முடியாது.

செங்கோடன் தன் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டார். மாடியில் அவருடைய பந்தயப் புறாக்கள் கூண்டில் முனகிக்கொண்டிருந்தன.

“கூட்டம் போட்டு மாத்தலாம்னா வாசலத் தாண்ட முடியலீங்க. நீங்கதான் வெளிய இருக்கறீங்க. அந்த வடத்த அறுத்துப் போடுங்க டாக்டரம்மா.”

“அதைத்தானுங்க அன்னைக்கே கேட்டேன்,” என்றாள்.

நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தாள். விஷயம் எப்படியோ அவளுக்கு முன்னால் ஓடியிருந்தது. கதவுக்குக் கதவு ஆட்கள் நின்றார்கள். எங்க வார்டை மட்டும் முதல்ல எடுத்து விடுங்க என்று ஒவ்வொரு கதவும் கேட்டது. எல்லோரையும் எடுத்து விடுங்க என்று ஒரு குரலாவது கேட்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டே போனாள். கேட்கவில்லை. திரும்பிவிடலாம், இருபத்தோரு நாளும் கிடக்கட்டும் என்று மனம் சொன்னது. மயிலாத்தாள் வீட்டைக் கடக்கும்போது உள்ளே கோழிகள் கொக்கரிக்கிற சத்தம் கேட்டது. மேலே நடந்தாள். வடத்தை அறுத்தாள்.

வடம் அறுந்த வளிமூக்குகளுக்கு மறுநாள் காலை பழையபடி அறுபதே எல்லை. ஊர் முழுதும் பச்சை. அந்த வாரத்திலேயே நிலைத்தன்மை எண் இறங்கியது, ஆற்றுத் தண்ணீர் பாதியாகக் குறைந்தது. குழாயடியில் குடங்கள் காத்துக் கிடந்தன. எல்லோரும் தெய்வானையின் பெயரைச் சொல்லித் திட்டினார்கள்.

பத்தாம் நாள் மன்றம் கூடியது. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் தீர்மானம் அவளைப் பணிநீக்கம் செய்தது. இரண்டாவது, வடத்தை மறுபடி இணைத்தது. ஆனால் மன்றம் பட்டுத் தெளிந்திருந்தது. எல்லா வார்டையும் வருத்த வேண்டியதில்லை, இனி எல்லாச் சிவப்பும் ஒரே வார்டில் விழுந்தால் போதும், பதினேழுக்கு ஏற்கெனவே பழக்கம் இருக்கிறது, அங்கே கொல்வதற்குப் பறவையும் இல்லை என்றார் செங்கோடன். மண்டபம் கைதட்டியது.

அத்தாயி எழுந்து நின்றாள். “அங்க நாங்க இருக்கறமுங்க,” என்றாள்.

ஆட்சேபனை இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுக்கும்படி அவளிடம் சொன்னார்கள்.